இருபது ஆண்டில் ஓய்வு: அமெரிக்கக் கவுண்டி காவலர்களின் விருப்ப ஓய்வுத் திட்டங்கள்

நியூயார்க் மாநிலத்தில் ஒரு கவுண்டியின் ஷெரீப் அலுவலகத்தில் டெபுடியாகச் சேர்பவர், இருபது ஆண்டு பணி முடித்ததும், வயது என்னவாக இருந்தாலும், பாதிச் சம்பளத்தை வாழ்நாள் ஓய்வூதியமாகப் பெற்றுக்கொண்டு வெளியேறலாம். ஆனால் அவருடைய கவுண்டி அந்தத் திட்டத்தை ஏற்றிருக்க வேண்டும். அதே சீருடையில் அதே வேலையைச் செய்யும் பக்கத்துக் கவுண்டிக்காரர் 25 ஆண்டு காத்திருக்க நேரலாம். இரண்டு திட்டங்களையும் ஏற்காத கவுண்டியில் இருப்பவர் அலுவலக எழுத்தரைப் போல முழு ஓய்வூதியத்துக்கு அறுபது வயதைத் தாண்டும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இத்தகைய திட்டங்களை ‘விருப்பத் திட்டங்கள்’ என்கிறார்கள். கேட்டவுடன் காவலரின் விருப்பம் என்றுதான் தோன்றும். சட்டத்தைப் பார்த்தால், முதல் விருப்பம் கவுண்டி நிர்வாகத்துடையது. மாநிலச் சட்டமன்றம் கதவைத் திறந்து வைக்கிறது. கவுண்டி சபை உள்ளே போவதா என்று தீர்மானிக்கிறது. கடைசியில்தான் காவலரின் முறை வருகிறது. மூவரில் பணம் கட்டுவது நடுவில் இருக்கும் கவுண்டி. இந்தத் திட்டங்களைப் பற்றிய வழக்குகளும் வாக்குவாதங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

அமெரிக்கா முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பரப்பளவில் நம் மாவட்டத்தை ஒத்தவை என்றாலும் அதிகாரத்தில் வேறானவை. மக்கள் தேர்ந்தெடுத்த சபை, சொந்த வரி வருவாய், சொந்தச் சிறைச்சாலை, சொந்தக் காவல் படை எல்லாம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. படையின் தலைவர் ஷெரீப். பெரும்பாலான இடங்களில் அவரையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார். அது பிரமுகர்களை வரவேற்கவும் விழாக்களில் முன்வரிசையில் அமரவும் தரப்பட்ட கௌரவப் பதவி. அமெரிக்க ஷெரீப் கைது செய்பவர், சிறையை நடத்துபவர், நீதிமன்ற ஆணையை வீட்டுக் கதவில் ஒட்டுபவர். அவருக்கு அடுத்தவர் அண்டர்ஷெரீப். மற்ற அதிகாரிகள் டெபுடிகள். நியூயார்க்கில் 62 கவுண்டிகள். அவற்றில் ஐந்து நியூயார்க் நகரத்துக்குள் அடங்கிவிட்டன. மீதி 57 கவுண்டிகளைப் பற்றியதுதான் இந்த விவகாரம்.

காவலர்களை மட்டும் சீக்கிரம் அனுப்பி வைப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வேலையின் தன்மை: இரவுப் பணி, துரத்தல், கைகலப்பு, எப்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மன அழுத்தம். மற்றொன்று அவ்வளவாக வெளியே பேசப்படாதது: படை இளமையாக இருக்க வேண்டும் என்ற நிர்வாகத்தின் தேவை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் மர்ஜியா வழக்கில் இந்த இரண்டாவது காரணத்தை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலக் காவல் அதிகாரி ஒருவரை ஐம்பது வயதானதும் கட்டாயமாக ஓய்வில் அனுப்பினார்கள். நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவர் உடல்தகுதித் தேர்வில் தேறியிருந்தார். இருந்தாலும், உடல்திறனுள்ள படையை வைத்துக்கொள்ள மாநிலம் வயது வரம்பு விதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று நீதிமன்றம் சொன்னது. பின்னர் 1986இல் பொதுவாகக் கட்டாய ஓய்வு வயதைத் தடை செய்த நாடாளுமன்றம், காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தற்காலிக விலக்கு வைத்தது. 1996இல் அந்த விலக்கை நிரந்தரமாக்கியது. ஐம்பதில் வீட்டுக்குப் போ என்று சொல்லும் அரசு, ஐம்பதுக்குப் பிறகு சாப்பாட்டுக்கான வழியையும் சொல்லியாக வேண்டும். சீக்கிர ஓய்வூதியம் காவலர்களுக்குக் காட்டப்பட்ட சலுகையாக மட்டும் பிறக்கவில்லை.

நியூயார்க்கின் அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பு 1920இல் உருவானது. பிற்காலத்தில் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தனி அமைப்பு பிரிந்தது. நகர, சிற்றூர்க் காவல் துறையினர் அந்தத் தனி அமைப்பில் இருக்கிறார்கள். இருபது ஆண்டில் பாதிச் சம்பளம் என்பது அங்கே பழகிப்போன ஏற்பாடு. ஷெரீப்பின் டெபுடிகள் மட்டும் பழைய அமைப்பிலேயே, எழுத்தர்களோடும் சாலைப் பணியாளர்களோடும், தங்கிவிட்டார்கள். ஒரே நெடுஞ்சாலையில் ஒரே விபத்துக்கு ஓடி வரும் நகரக் காவலருக்கும் டெபுடிக்கும் ஓய்வு விதிகள் வேறு வேறு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாநில ஓய்வூதியச் சட்டத்தில் 551, 552, 553 ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிரிவு 551, 25 ஆண்டில் பாதிச் சம்பளம் தருகிறது. பிரிவு 552 அதையே 20 ஆண்டில் தருகிறது. பிரிவு 553, இருபது ஆண்டுக்குப் பிறகும் வேலையில் தொடர்பவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கிறது.

இங்கே ‘சம்பளம்’ என்பது கடைசி மாதச் சம்பளமல்ல. தொடர்ச்சியான ஆண்டுகளில் அதிகம் சம்பாதித்த காலத்தின் சராசரி. பழைய உறுப்பினர்களுக்கு அது மூன்று ஆண்டுச் சராசரி. 2012 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த ‘ஆறாம் அடுக்கு’ உறுப்பினர்களுக்கு அதை ஐந்து ஆண்டாக்கினார்கள். 2024இல் மீண்டும் மூன்றுக்கே கொண்டுவந்தார்கள்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெளிவாகும். 23 வயதில் சேர்ந்து 43 வயதில் விலகும் டெபுடியின் சராசரிச் சம்பளம் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுத் திட்டத்தில் அவருக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் அன்றிலிருந்தே கிடைக்கும். பிரிவு 553இன் கீழ் இன்னும் ஐந்து ஆண்டு தொடர்ந்தால், அதே சராசரிக்கே ஓய்வூதியம் சுமார் 46,700 டாலராகும். சாதாரணத் திட்டத்தில் உள்ள ஆறாம் அடுக்கு ஊழியருக்கு இருபது ஆண்டுப் பணிக்கு 35 விழுக்காடு, அதாவது 28,000 டாலர். அதுவும் 63 வயதில்தான் முழுதாக வரும். 55 வயதிலேயே வேண்டுமென்றால் அதில் 52 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு ஏறக்குறைய 13,400 டாலர் கொடுப்பார்கள். 43 வயதில் ஒன்றுமே கிடையாது.

இந்தத் திட்டத்தை ஏற்க ஒரு கவுண்டி சபை தீர்மானம் நிறைவேற்றி, அதை ஓய்வூதிய அமைப்பின் பொறுப்பாளரான மாநிலக் காம்ப்ட்ரோலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் செலவு மதிப்பீடு வாங்குவார்கள். செலவில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது, ஆண்டுதோறும் அந்த ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு விகிதமாகக் கவுண்டி கட்டும் பங்கு. இது சாதாரணத் திட்டத்தின் பங்கைவிட அதிகம். இரண்டாவது, பழைய பணிக்காலத்தின் கடன். ஏற்கெனவே பதினைந்து ஆண்டு வேலை செய்துவிட்ட டெபுடி, தீர்மானம் நிறைவேறிய மறுநாளே இருபது ஆண்டுத் திட்டத்துக்குள் வந்துவிடலாம். அந்தப் பதினைந்து ஆண்டும் சாதாரண விகிதத்தில்தான் பணம் கட்டப்பட்டிருக்கும். விட்டுப்போன வித்தியாசத்தை யாராவது நிரப்பியாக வேண்டும்.

பங்கு விகிதமும் நிலையாக நிற்பதில்லை. ஓய்வூதிய நிதி பங்குச் சந்தையிலும் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் வரும் என்ற எதிர்பார்ப்பைக் குறைத்தால் கவுண்டி கட்ட வேண்டிய பங்கு கூடும். நியூயார்க் நிதி 2010வரை 8 விழுக்காட்டை எதிர்பார்த்தது. படிப்படியாகக் குறைத்து 2021இல் 5.9 விழுக்காட்டுக்கு வந்தது. 2008ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் கவுண்டிகளின் பங்கு கடுமையாக ஏறியது. அதே சமயத்தில், சொத்து வரியின் உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள் கட்டிப்போடும் சட்டம் 2011இல் வந்தது. ஓய்வூதியச் செலவு மிக வேகமாக ஏறினால் மட்டும் அதில் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு. நல்ல காலத்தில் கைதூக்கி ஏற்ற திட்டத்துக்குக் கெட்ட காலத்திலும் பணம் கட்ட வேண்டியிருந்தது.

பின்வாங்கவும் முடியாது. பொது ஓய்வூதிய அமைப்பில் உறுப்பினராவது ஓர் ஒப்பந்தம், அதன் பயன்களைக் குறைக்கவோ கெடுக்கவோ கூடாது என்று நியூயார்க் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் கூறு, ஏழாம் பிரிவு சொல்கிறது. 1938இல் எழுதப்பட்டு 1940இல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதனால் மாநிலம் சிக்கனம் தேட நினைத்தால், இனிமேல் சேரப் போகிறவர்களுக்கு மட்டும்தான் குறைக்க முடியும். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று ஆறு அடுக்குகள் உருவானதன் காரணம் இதுவே. ஒரே ரோந்துக் காரில் அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு அடுக்கில் இருக்கலாம். ஒருவர் தன் சம்பளத்திலிருந்து 3 விழுக்காடும் மற்றவர் 6 விழுக்காடும் கட்டிக்கொண்டிருக்கலாம்.

கவுண்டி ஏற்றாலும், அங்கே சீருடை போட்ட எல்லோருக்கும் திட்டம் பொருந்திவிடாது. குற்றவியல் சட்டத்தை அமலாக்கும் பணியில் நேரடியாக ஈடுபடுவது டெபுடியின் மொத்த வேலையில் குறைந்தது பாதியாக இருக்க வேண்டும், அதற்கு ஷெரீப் சான்றளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாலை ரோந்துக்காரருக்கும் துப்பறிவாளருக்கும் இதில் சிக்கலில்லை. ஆனால் ஷெரீப் அலுவலகத்தின் பெரும் பகுதி வேலை அதுவல்ல. வாடகைக்காரரை வெளியேற்றும் ஆணையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, நீதிமன்ற வாசலில் நிற்பது, கைதிகளை அழைத்துச் செல்வது, சிறையைக் காப்பது எல்லாமே அதே அலுவலகத்தின் வேலைகள். சிறைக் காவலர்களுக்கென்று சட்டத்தின் 89ஆம் பிரிவு வரிசையில் தனித் திட்டங்கள் உள்ளன. அவற்றையும் கவுண்டிகள் தனியாக ஏற்க வேண்டும். சிறையில் பல ஆண்டு இருந்துவிட்டு ரோந்துப் பிரிவுக்கு மாறியவரின் கணக்கில் எந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் சேரும் என்பது பெரிய கேள்வியாகிவிடும். உள்ளிருந்து பார்த்தால், கைதிகள் நிறைந்த கூடத்தில் ஆயுதமின்றி எட்டு மணி நேரம் நிற்பவரின் வேலை, ரோந்துக் காரில் போகிறவரின் வேலையைவிட எளிது என்று சொல்வது கடினம். இருந்தாலும் சட்டம் ஆபத்தை அளக்கப் பதவியின் பெயரையும் பணிப் பட்டியலையும்தான் நம்பியிருக்கிறது.

இனி காவலரின் முறை. திட்டத்தில் சேர விரும்புகிறவர் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஓய்வு பெறும் நாளுக்கு 15 நாள் முதல் 90 நாள் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முழு ஓய்வூதியத்தையும் தன் ஆயுளுக்கு மட்டும் வாங்கிக்கொள்வதா, கொஞ்சம் குறைத்து வாங்கி மனைவிக்கோ கணவருக்கோ தொடரச் செய்வதா என்பதையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

43 வயதில் வாங்கும் ஓய்வூதியத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இருக்கிறது. விலைவாசிக்கேற்ற உயர்வு உடனே தொடங்குவதில்லை. நியூயார்க் விதிப்படி 62 வயதாகி ஐந்து ஆண்டு ஓய்வில் இருந்திருக்க வேண்டும். அல்லது 55 வயதாகிப் பத்து ஆண்டு ஓய்வில் இருந்திருக்க வேண்டும். ஆக நம் டெபுடி பன்னிரண்டு ஆண்டு ஒரே தொகையை வாங்குவார். அதற்குப் பிறகும் ஓய்வூதியத்தின் முதல் 18,000 டாலருக்கு மட்டுமே உயர்வு. அதுவும் பணவீக்கத்தில் பாதி, ஆண்டுக்குக் குறைந்தது 1 விழுக்காடு, அதிகபட்சம் 3 விழுக்காடு. அப்படியானால் அதிகபட்ச உயர்வே ஆண்டுக்கு 540 டாலர்தான். மாநில வருமான வரி கிடையாது என்பது சிறிய ஆறுதல். மத்திய வரி உண்டு.

மருத்துவக் காப்பீடு இன்னொரு பள்ளம். அரசின் மெடிகேர் 65 வயதில்தான் தொடங்கும். அதுவரை இருக்கும் 22 ஆண்டுக்கு, ஓய்வு பெற்றவருக்குக் கவுண்டி காப்பீடு தருமா, எவ்வளவு பங்கு கட்டும் என்பது ஓய்வூதியச் சட்டத்தில் இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓய்வூதியத்துக்குக் கிடைக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. மத்திய அரசு இதில் ஒரு சிறு உதவி செய்கிறது: 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற பொதுப் பாதுகாப்பு ஊழியர் காப்பீட்டுக்காக ஆண்டுக்கு 3,000 டாலர் வரை ஓய்வூதியத்திலிருந்து வரியில்லாமல் செலவிடலாம். ஓய்வூதியத் திட்டத்துப் பணத்தை வயதுக்கு முன் எடுத்தால் விதிக்கும் 10 விழுக்காடு தண்ட வரியிலிருந்தும், 50 வயதில் விலகும் காவலர்களுக்கு அதே சட்டம் விலக்கு தந்தது. 2022இல் வந்த சட்டம், 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்கு அந்த வயதையும் தேவையில்லை என்றாக்கியது.

ஆகவே சீக்கிரம் ஓய்வு பெறுகிறவர்களில் பலர் உண்மையில் ஓய்வெடுப்பதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள், காப்பீட்டு விசாரணை, பள்ளிப் பாதுகாப்பு, கல்லூரி வளாகக் காவல் ஆகியவை வழக்கமான இடங்கள். நியூயார்க்கில் தனியார் வேலைக்குத் தடையில்லை. அதே மாநிலத்தில் மறுபடி அரசு வேலைக்குப் போனால் மட்டும், 65 வயதுக்குட்பட்டவரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020இல் அது 35,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஒரு கையில் ஓய்வூதியம், மறு கையில் அரசுச் சம்பளம் என்ற ஏற்பாடு வரி கட்டுகிறவர்களுக்கு எரிச்சலூட்டியதால் வந்த வரம்பு அது.

கலிபோர்னியாவில் கதை வேறு வேகத்தில் நடந்தது. அங்கே 20 கவுண்டிகள் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த ஓய்வூதிய அமைப்புகளை நடத்துகின்றன. மாநிலச் சட்டமன்றம் 1999இல், நெடுஞ்சாலைக் காவல் படைக்கு ‘ஐம்பதில் மூன்று’ என்ற சூத்திரத்தைக் கொடுத்தது: 50 வயதில் விலகினால் பணியாண்டு ஒன்றுக்குச் சம்பளத்தில் 3 விழுக்காடு. முப்பது ஆண்டு பணிக்கு 90 விழுக்காடு. உள்ளூர் நிர்வாகங்களும் விரும்பினால் இதை ஏற்கலாம் என்று வழி திறந்ததும், ஒன்றைப் பார்த்து ஒன்று ஏற்றன. பக்கத்துக் கவுண்டி கொடுக்கும்போது நாம் கொடுக்காவிட்டால் நல்ல ஆட்கள் அங்கே போய்விடுவார்கள் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல எந்தச் சபையாலும் முடியவில்லை.

ஆரஞ்சு கவுண்டி சபை 2001இல் தன் டெபுடிகளுக்கு இந்தச் சூத்திரத்தை வழங்கியது. முதலீட்டு நட்டத்தால் 1994இல் திவாலாகி நாடெங்கும் பேசப்பட்ட அதே கவுண்டி. புதிய விகிதம் வருங்காலப் பணிக்கு மட்டுமல்லாமல் கழிந்துபோன ஆண்டுகளுக்கும் சேர்த்தே தரப்பட்டது. 2008இல் புதிய சபை உறுப்பினர்கள், பழைய ஆண்டுகளுக்குக் கொடுத்தது செல்லாது என்று தங்கள் கவுண்டியின் முடிவையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் கடன் வாங்கியதற்கு இது சமம், முடிந்துபோன வேலைக்கு மறுபடி கூலி கொடுத்ததற்கும் சமம் என்பவை அவர்களின் வாதங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் இரண்டையும் தள்ளியது. எதிர்காலத்தில் இவ்வளவு பற்றாக்குறை வரலாம் என்று கணக்காளர் போடும் மதிப்பீடு சட்டத்தின் கண்ணில் கடனாகாது என்றது. டெபுடிகள் தங்கள் பழைய ஆண்டுகளின் பலனை வைத்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கைப் போல் கலிபோர்னியாவும் கடைசியில் புதியவர்களிடம்தான் கைவைத்தது. 2013 ஜனவரி 1 முதல் சேரும் காவலர்களுக்கு உச்ச விகிதம் 57 வயதில் 2.7 விழுக்காடு. ஏற்கெனவே இருப்பவர்களைத் தொட்ட ஒரு சிறு திருத்தமும் நிலைத்தது. விடுப்பைச் சேர்த்து வைத்துக் கடைசி ஆண்டில் பணமாக்குவது, அழைத்தால் வரத் தயாராக இருந்ததற்கான படியைச் சேர்ப்பது போன்ற வழிகளில் இறுதிச் சம்பளத்தை ஊதிப் பெரிதாக்கும் பழக்கத்தை அதே காலத்துச் சட்டம் தடுத்தது. அலமேடா கவுண்டி டெபுடிகளின் சங்கம் இதை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 2020 ஜூலையில் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது.

சீக்கிர ஓய்வு உரிமை அதை வாங்காதவருக்கு எதிராகவும் திரும்பலாம் என்பதைக் கென்டக்கி காட்டியது. அங்கே ஆபத்தான பணியில் உள்ள கவுண்டி ஊழியர்கள் 20 ஆண்டு முடித்தாலோ, ஐந்து ஆண்டுப் பணியுடன் 55 வயதானாலோ ஓய்வு பெறலாம் என்றிருந்தது. அதற்குத் தகுதி பெறுமுன் உடல் ஊனமுற்றால், மீதி ஆண்டுகளையும் வேலை செய்ததாகக் கணக்கில் சேர்த்து ஓய்வூதியம் தந்தார்கள். ஜெஃபர்சன் கவுண்டி ஷெரீப் துறை ஊழியர் ஒருவர் 55க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்தார். 61 வயதில் ஊனமுற்றார். ஓய்வுத் தகுதி ஏற்கெனவே வந்துவிட்டதால் அவருக்குக் கூடுதல் ஆண்டுகள் சேர்க்கப்படவில்லை. இது வயதுப் பாகுபாடு என்று மத்திய வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் வழக்காடியது. வேறுபாட்டுக்குக் காரணம் ஓய்வூதியத் தகுதியே, வயதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விருப்பப்பட்டால் போகலாம் என்ற விதியில், போகாமல் இருந்ததற்கும் ஒரு விலை இருந்திருக்கிறது.

புளோரிடாவில் கவுண்டிகள் தனித்தனியே ஏற்க வேண்டியதில்லை. ஷெரீப் அலுவலகங்கள் பெரும்பாலும் மாநில அமைப்புக்குள் இருக்கின்றன. காவலர்கள் ‘சிறப்பு ஆபத்து’ வகுப்பில் வருவார்கள். ஆண்டுக்கு 3 விழுக்காடு சேரும். 25 ஆண்டுப் பணி அல்லது 55 வயதில் முழு ஓய்வு என்றிருந்ததை, 2011 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்கு 30 ஆண்டு அல்லது 60 வயது என்று கடுமையாக்கினார்கள். படையில் ஆள் சேர்ப்பது கடினமான பிறகு, 2023இல் பழைய வரம்புக்கே திரும்பினார்கள்.

ஓய்வுத் தகுதி வந்த அனுபவசாலியைப் போகவிடாமல் பிடித்து வைக்கவும் புளோரிடாவில் ஓர் ஏற்பாடு உண்டு. ‘ட்ராப்’ என்ற அந்தத் திட்டம் 1998இல் தொடங்கியது. அதில் சேரும் டெபுடி காகிதத்தில் ஓய்வு பெற்றுவிடுகிறார். ஓய்வூதியத் தொகை அன்றே கணக்கிடப்பட்டு உறைந்துவிடுகிறது. ஆனால் அவர் அதே வேலையில், அதே சம்பளத்தில் தொடர்கிறார். மாதாமாதம் வர வேண்டிய ஓய்வூதியம் ஒரு கணக்கில் சேர்ந்து வட்டியோடு வளர்கிறது. உண்மையில் விலகும் நாளில் மொத்தமாகக் கைக்கு வருகிறது. வட்டி முதலில் 6.5 விழுக்காடாக இருந்தது. 2011க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 1.3 ஆகக் குறைந்து, 2023இல் 4 ஆனது. இந்தக் கணக்கில் பொதுவாக ஐந்து ஆண்டு வரை இருக்கலாம் என்ற வரம்பையும் அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமே எட்டு ஆண்டாக நீட்டியது.